முகம் காட்டாத மலை ரெயில்

மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரெயிலைப் படம் பிடிக்கப் போகிறவர்களில் பலர், முதல் நாள் ஏமாந்து திரும்புகிறார்கள்.

சாலை ஓரத்தில் நல்ல இடமாகப் பார்த்து நிற்கிறார்கள். தூரத்தில் "குப்... குப்..." என்று சத்தம் கேட்கிறது. மரங்களுக்கு மேலே புகை எழும்புகிறது. காமிராவைக் கண்ணில் ஒட்டவைத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக் காத்திருக்கிறார்கள். வளைவில் இருந்து வெளியே வருவதோ இஞ்சின் அல்ல, ஒரு பெட்டி! அதன் முன்பக்கத்து மேடையில், கொடியும் கையுமாக ஒருவர் நிற்கிறார். அதற்குப் பின்னால் இன்னொரு பெட்டி. அப்புறம் இன்னொன்று. எல்லாம் வந்த பிறகு, கடைசியில், பெருமூச்சு விட்டுக்கொண்டு, பெட்டிகளை முட்டித் தள்ளியபடி இஞ்சின் வருகிறது. அதற்குள் மரக்கிளை ஒன்று குறுக்கே வந்துவிடுகிறது.

மாட்டை வண்டிக்குப் பின்னால் பூட்டியது போன்ற இந்த ஏற்பாடு, வேடிக்கைக்காகச் செய்தது அல்ல. மலைப் பாதையில் ஒரு கொக்கி அறுந்தால் பெட்டிகள் பின்னோக்கி உருண்டு பாதாளத்துக்குப் போய்விடும். இஞ்சின் கீழ்ப்பக்கத்தில் இருந்தால், அதுவே முட்டுக்கட்டை. ஆகவே ஏறும்போது அது பின்னால் நின்று தள்ளுகிறது. இறங்கும்போது முன்னால் நின்று தாங்கிக்கொண்டு வருகிறது.

அப்படியானால் இறங்கும்போது படம் எடுத்தால் போயிற்று என்று தோன்றும். அங்கேதான் அடுத்த சங்கடம்! இறக்கத்தில் இஞ்சினுக்கு உழைப்பு இல்லை. புகை இல்லை, முழக்கம் இல்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போல அடக்க ஒடுக்கமாக வருகிறது. முகம் தெரியும் நேரத்தில் மூச்சு இல்லை. மூச்சு விடும் நேரத்தில் முகம் தெரிவதில்லை. நீலகிரி ரெயிலைப் படம் பிடிக்கிறவர்கள் எல்லோரும் இந்தச் சிக்கலோடு மல்லுக்கு நிற்பவர்கள்தான்.

வடக்குத்துக்காரர்களுக்குத் தெரிந்த வெண்மேகம்

கடலூர் மாவட்டத்தில், நெய்வேலி நகரியத்தை ஒட்டி இருக்கிறது வடக்குத்து. சமவெளி ஊர். அந்தப் பக்கத்தில் மலை என்றால், சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேடுதான். ஊட்டி ரெயிலுக்கும் வடக்குத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம்.

சம்பந்தம் இருக்கிறது. 1935-ம் ஆண்டில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தோண்டியபோது வெளிப்பட்ட பழுப்பு நிலக்கரி, அந்த வட்டாரத்தின் தலையெழுத்தையே மாற்றிற்று. 1956-ம் ஆண்டு நவம்பரில் நெய்வேலி நிலக்கரிக் கழகம் அமைந்தது. கரியை எரித்து, தண்ணீரைக் கொதிக்கவைத்து, நீராவி ஆக்கி, அந்த நீராவியால் சக்கரத்தைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். மலை ரெயில் இஞ்சின் செய்வதும் இதே வேலை. அங்கே நீராவி சக்கரத்தைச் சுழற்றுகிறது. இங்கே உருளைக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. அது யானை, இது அணில், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் வடக்குத்துக்காரர்களுக்குத் தெரியும். அனல் மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களுக்கு மேலே எழும்பும் வெண்மேகம், மார்கழிக் காலையில் திரண்டு பஞ்சுப் பொதியாக நிற்கும். சித்திரை உச்சி வெயிலில் அதே மேகம் மெலிந்து, எழும்பிய சுவடு தெரியாமல் கரையும். உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாத பொருள். அது குளிர்ந்து சின்னஞ்சிறு நீர்த்துளிகளாக மாறும்போதுதான் வெள்ளையாகத் தெரிகிறது. காற்று எவ்வளவு குளிர்ச்சியோ, அவ்வளவு வெள்ளை.

மலை ரெயிலைப் படம் பிடிப்பவருக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. சீசன் என்று சொல்லி ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் கூட்டமாக ஊட்டிக்குப் போகிறார்கள். படத்துக்கு அது சீசன் அல்ல. டிசம்பர் பிற்பகுதியும் ஜனவரியும்தான் படத்துக்குச் சீசன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, காற்று கழுவித் துடைத்ததுபோல் இருக்கும். காலைக் குளிரில் இஞ்சின் விடுகிற ஒவ்வொரு மூச்சும் கட்டியான வெள்ளைப் பந்தாக மரத்தின்மேல் போய் உட்காரும்.

கறுப்புப் புகை வேறு. அது சரியாக எரியாத எரிபொருள். படத்தில் அது பயங்கர அழகாகத் தெரியும்; ஆனால் இஞ்சின் ஓட்டுகிறவருக்கு அது பெருமைக்குரிய விஷயம் அல்ல. நல்ல பயர்மேனின் இஞ்சின் கறுப்பாக அதிகம் புகைவதில்லை. புகை வேண்டும் என்று கேட்கும் படக்காரர்களை அவர்கள் மனதுக்குள் என்ன சொல்லித் திட்டுவார்களோ!

45 ஆண்டு யோசனை, 17 ஆண்டு வேலை

நீலகிரிக்கு ரெயில் போடவேண்டும் என்ற யோசனை 1854-ம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. ஆனால் மலையைப் பார்த்தவுடன் கணக்குப் போட்டவர்கள் எல்லோரும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்கள். சுவிட்சர்லாந்தில் 1871-ம் ஆண்டு ரீகி மலைக்குப் பல் ரெயில் போட்டுப் புகழ்பெற்ற ரிக்கன்பாக் என்ற என்ஜினீயரின் யோசனையும் கேட்கப்பட்டது. கடைசியில் இன்னொரு சுவிஸ் நாட்டவரான ஆப்ட் கண்டுபிடித்த முறையே நிலைத்தது.

1891-ம் ஆண்டு ஆகஸ்டில் சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டினார். வேலையைத் தொடங்கிய கம்பெனி 1894-ல் திவாலாகிவிட்டது. 1896-ல் வேறொரு கம்பெனி வந்து எடுத்துக்கொண்டது. 1899-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வரை வண்டி ஓடிற்று. 1903-ல் சர்க்கார் பாதையை விலைக்கு வாங்கியது. குன்னூரில் இருந்து ஊட்டிக்கு நீட்டி முடித்தது 1908-ம் ஆண்டு அக்டோபரில். யோசனை பிறந்ததில் இருந்து முதல் வண்டி ஏறுவதற்கு 45 ஆண்டு. மண் வெட்டியதில் இருந்து ஊட்டி போய்ச் சேர்வதற்கு 17 ஆண்டு. ஒரு கம்பெனி முழுகியதும் இதில் அடக்கம்.

பாதையின் நீளம் சுமார் 46 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் 326 மீட்டர். ஊட்டி 2,203 மீட்டர். இடையில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். 2005-ம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. டார்ஜிலிங் மலை ரெயிலுக்கு அந்தக் கவுரவம் 1999-லேயே கிடைத்திருந்தது; கால்கா - சிம்லா ரெயிலுக்கு 2008-ல் கிடைத்தது.

இந்த மூன்றையும் ஒரே மூச்சில் "குறும்பாதை ரெயில்" என்று எழுதிவிடுகிறார்கள். டார்ஜிலிங் பாதையின் அகலம் 2 அடி. சிம்லா பாதை 2½ அடி. நீலகிரி ரெயில் அப்படி அல்ல. ஒரு மீட்டர் அகலம் உள்ள மீட்டர் கேஜ். கடலூர் - விருத்தாசலம் பாதையில் வடக்குத்துப் பெரியவர்கள் ஒரு காலத்தில் ஏறிப்போனார்களே, அதே அகலம். அந்தப் பாதை அகலப்பாதை ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் பழைய அகலத்தையும் பழைய மூச்சையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்றால் இப்போது நீலகிரிக்குத்தான் போகவேண்டும்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவது

சாதாரண ரெயில் பாதையில் 100 அடிக்கு ஒரு அடி ஏற்றம் இருந்தாலே இஞ்சின் திணறும். கல்லாறு முதல் குன்னூர் வரை உள்ள சுமார் 20 கிலோமீட்டரில், 12 அடிக்கு ஒரு அடி ஏற்றம்! வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தில் அங்கே வழுக்கிவிடும்.

அதற்காகத் தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டைப் பக்கத்துப் பக்கத்தில் பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும். இஞ்சினின் அடியில் இருக்கும் பல் சக்கரம் எப்போதும் ஏதாவது ஒரு பல்லைக் கவ்விக்கொண்டே இருக்கும். பிடி விடுவதில்லை. இந்தியாவில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடும் பல் ரெயில் இது ஒன்றுதான். வெளிநாடுகளில் இதன் சொந்தக்காரர்கள் உண்டு. வேல்ஸ் நாட்டில் ஸ்னோடன் மலை ரெயிலும், சுவிட்சர்லாந்தில் பிரீன்ஸ் - ரோட்ஹார்ன் ரெயிலும் இதே ஆப்ட் முறையில் ஏறுபவையே.

கல்லாறில் வண்டி வேகத்தைக் குறைத்து, மெல்லப் பல்லில் போய்ச் சேரும். சலனப்படம் எடுப்பவர்கள் தவறவிடக் கூடாத இடம் இது. இங்கே ஓடும் "எக்ஸ்" ரக இஞ்சினுக்கு நான்கு உருளைகள். கீழே இரண்டு; மேலே இரண்டு. சமவெளியில் கீழ் உருளைகள் மட்டும் வேலை செய்யும். மேல் உருளைகளின் தண்டுகள் சும்மா இருக்கும். பல் பிடித்ததும், கீழே ஒரு தடவை வேலை செய்து முடித்த நீராவி வீணாக வெளியே போகாமல் மேல் உருளைகளுக்குப் போய், பல் சக்கரத்தைத் திருப்பும். அதுவரை உறங்கிக்கொண்டிருந்த மேல் தண்டுகள் திடீரென்று விழித்துக்கொண்டு ஓடத் தொடங்கும். கீழ்த் தண்டுகள் ஒரு தாளம், மேல் தண்டுகள் வேறொரு தாளம். இரண்டு நாதசுரக்காரர்கள் வெவ்வேறு ராகம் வாசித்தும் கச்சேரி கெடாமல் போவது போன்ற அதிசயம்!

சுவிட்சர்லாந்தில் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் கட்டப்பட்டு வந்தவை இந்த இஞ்சின்கள். முதல் தொகுதி 1914-ம் ஆண்டில் தொடங்கி வந்தது. கடைசித் தொகுதி வந்தது 1952-ல். பிறகு இந்த ரகத்தைச் செய்வார் இல்லை. இந்தியாவில் நீராவி இஞ்சின் கட்டுவதே 1970-களின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. ஆனால் திருச்சி பொன்மலைத் தொழிற்சாலைக்காரர்கள் விடவில்லை. 2010-களில் இதே "எக்ஸ்" ரகத்தில் புது இஞ்சின்களைக் கட்டி மலைக்கு அனுப்பினார்கள். அவை கரிக்குப் பதில் எண்ணெயில் ஓடுபவை. ஏற்கெனவே இருந்த சில இஞ்சின்களும் எண்ணெய்க்கு மாற்றப்பட்டன.

கரி இஞ்சினைத்தான் படம் பிடிப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. கரியை மண்வெட்டியால் அள்ளிப் போடும் பயர்மேனும், திறந்த அடுப்பின் செந்தழல் அவர் முகத்தில் அடிக்கும் கோலமும், நிச்சயமாக எண்ணெய்க் குழாயைத் திருகுவதில் கிடைக்காது. ஆனால் அந்த அழகுக்கு விலை கொடுப்பவர் படக்காரர் அல்ல. மூன்று மணி நேரத்துக்கு மேல் அடுப்பின் எதிரில் நின்று, ஏற்றத்தில் நீராவி குறையாமல் பார்த்துக்கொள்ளும் அந்த மனிதர்தான். தழல் தெறித்துக் காட்டில் நெருப்புப் பிடிக்கும் அபாயத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். எண்ணெய் வந்ததற்காக அழுகிறவர்கள், ஒரு நாள் அந்த இடத்தில் நின்று பார்த்தால் கண்ணீர் தானாகக் காய்ந்துவிடும்.

நொடியில் 125-ல் ஒரு பங்கு

வேகமாக ஓடும் எக்ஸ்பிரஸ் வண்டியைப் படம் பிடிப்பது கஷ்டம். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, காமிராவின் கண் நொடியில் 125-ல் ஒரு பங்கு நேரம் திறந்து மூடுவதற்குள் 24 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படம் கலைந்த கோலம்தான். பல் பாதையில் மலை ரெயில் மணிக்கு 12 கிலோமீட்டர் அளவில் ஊர்கிறது. அதே நேரத்தில் அது நகர்வது 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. நொடியில் 500-ல் ஒரு பங்கு வைத்தால் முக்கால் சென்டிமீட்டர்கூட இல்லை. கையில் உள்ள செல்போனே போதும். சைக்கிள்காரரைப் படம் எடுக்கத் தெரிந்தவர் இந்த ரெயிலையும் எடுக்கலாம்.

கஷ்டம் வேகத்தில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. இருண்ட இஞ்சின், வெள்ளை நீராவி, கரும்பச்சைக் காடு, பளிச்சென்ற வானம். நான்கும் ஒரே சட்டத்துக்குள். வெள்ளையைப் பார்த்து மிரண்ட காமிரா படத்தை இருட்டாக்கிவிடும். இஞ்சின் வெறும் நிழலாகிவிடும். இஞ்சினுக்காக வெளிச்சத்தைக் கூட்டினால், நீராவி சுண்ணாம்பு அடித்ததுபோல் தட்டையாகிவிடும். நீராவியின் மடிப்புகள் தெரியும் அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து எடுத்து, பிறகு இருட்டான இடங்களைத் தூக்கிக்கொள்வதுதான் அனுபவம் உள்ளவர்கள் செய்வது.

பாதை மலையின் கிழக்குச் சரிவில், குன்னூர்ப் பள்ளத்தாக்கின் ஓரமாக ஏறுகிறது. ஆகவே காலை வண்டிக்கு வெயில் நேராக விழும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுவதால், இறங்கும் வண்டி கல்லாறை நெருங்குவதற்குள் பள்ளத்தாக்கு நிழலில் மூழ்கிவிடும். மூச்சு விடும் காலை வண்டிக்கே நல்ல வெளிச்சமும் வாய்த்திருக்கிறது என்பது ஒரு ஆறுதல். வண்டிக்குள் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. முன் பெட்டியில் உட்கார்ந்தால், வளைவுகளில் பின்னால் திரும்பிப் பார்க்கும்போது இஞ்சின் முழுவதும் தெரியும். 208 வளைவு இருக்கிறதே!

அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க் என்று ஒரு படக்காரர் இருந்தார். 1955 முதல் 1960 வரை, அழிந்துகொண்டிருந்த நீராவி ரெயில்களை அவர் இரவில் படம் பிடித்தார். சூரியனை நான் நகர்த்த முடியாது, ஆகவே வெளிச்சத்தை நானே கொண்டுவருகிறேன் என்ற கட்சி. பல்புகளை வரிசை வரிசையாகக் கட்டி, வண்டி வரும் கணத்தில் ஒரே சமயத்தில் மின்னவைத்தார். நீலகிரியில் அந்த வித்தை செல்லாது. இரவில் பயணிகள் வண்டி ஏறுவதில்லை. காட்டிலோ யானை நிற்கிறது.

சினிமாக்காரர் கண்டுபிடித்த வழி

இஞ்சின் முகம் காட்டாவிட்டால் என்ன, ஊர் முகம் காட்டுகிறதே என்று கிளம்பியவர்கள் சினிமாக்காரர்கள். பாலு மகேந்திராவின் "மூன்றாம் பிறை" 1982-ல் வந்தது. கமல்ஹாசனும் ஸ்ரீதேவியும் பிரியும் அந்தக் கடைசிக் காட்சி எடுக்கப்பட்டது கேத்தி ரெயில் நிலையத்தில். மழையும் மஞ்சும் சின்ன ஸ்டேஷனும் செய்த வேலையை எந்த செட்டும் செய்திருக்க முடியாது. ஒளிப்பதிவும் பாலு மகேந்திராவேதான். அதற்குத் தேசிய விருது கிடைத்தது. இன்றைக்கும் கேத்தியில் வண்டி நின்றால், நடுவயதுக்காரர்கள் இறங்கி, யாரையோ தேடுவதுபோல் பிளாட்பாரத்தைப் பார்க்கிறார்கள்.

பிரிட்டிஷ் டைரக்டர் டேவிட் லீன் 1984-ல் வெளியிட்ட "எ பாசேஜ் டு இந்தியா" படத்தில், வட நாட்டுக் குகைகளுக்குப் போகும் ரெயிலாக நடித்தது நம்முடைய நீலகிரி ரெயில். 1998-ல் மணிரத்னம் எடுத்த "தில் சே" படத்தில், ஓடும் பெட்டிகளின் கூரைமேல் ஒரு கூட்டமே ஆடியது. சந்தோஷ் சிவன் ஒளிப்பதிவு. அதில் இஞ்சின் எங்கே இருக்கிறது என்று யாரும் தேடவில்லை. கூரைமேல் ஆட்டம் சினிமாவோடு நிற்கட்டும்.

ஊட்டியில் செய்த படச்சுருள்

மலைக்குக் காமிரா வந்தது ரெயிலுக்கு முன்னாலேயே. ஏ.டி.டபிள்யூ. பென் என்ற ஆங்கிலேயர் 1870-களில் ஊட்டியில் தொழில் நடத்தி, நீலகிரி மக்களையும் மலைகளையும் படங்களாக்கினார். அப்போது படச்சுருள் கிடையாது, கண்ணாடித் தகடுகள். உடைந்தால் உழைப்பும் போயிற்று.

பிறகு அதே ஊட்டியில் படச்சுருள் செய்யும் தொழிற்சாலையே வந்தது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய சர்க்கார் நிறுவனம் 1960-ம் ஆண்டில் அமைந்தது. பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றின் தொழில்நுட்ப உதவியுடன் 1967-ல் உற்பத்தி தொடங்கிற்று. தூசு குறைந்த, குளிர்ந்த இடம் வேண்டும் என்பதற்காக மலைமேல் வைத்தார்கள். "இந்து" என்ற பெயரில் வந்த கறுப்பு வெள்ளைச் சுருள் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் பழக்கமான சரக்கு. மருத்துவமனைகளுக்கு எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து போனது. மலை ரெயிலை, மலையிலேயே செய்த சுருளில் படம் பிடிக்க முடிந்த காலம் அது. சுருளின் காலம் முடிந்தது. தொழிற்சாலையும் நலிந்து மூடப்பட்டது. அதன் பெயரால் வந்த இந்து நகர் என்ற ஊர்ப்பெயர் ஊட்டியில் நிற்கிறது.

இது வருத்தமான முரண். நூறாண்டுப் பழமையான நீராவி முறை பிழைத்துக்கொண்டது. அதைப் படம் பிடிக்க வந்த நவீனத் தொழில் போய்விட்டது.

தண்டவாளம் நிற்கும் இடம் அல்ல

நல்ல படத்துக்காகப் பாதையில் இறங்கி நிற்கும் பழக்கம் செல்போன் வந்த பிறகு பெருகிவிட்டது. வண்டி மெதுவாகத்தானே வருகிறது என்ற அசட்டுத் துணிச்சல்! குகைக்குள் ஒதுங்க இடம் கிடையாது. பாலத்தில் கைப்பிடி கிடையாது. ஏற்றத்தில் வருகிற வண்டியின் டிரைவர், கடைசியில் இருக்கும் இஞ்சினில் நிற்கிறார். முன்னால் யார் நிற்கிறார் என்று அவர் கண்ணால் பார்க்க முடியாது. முன் மேடையில் இருப்பவர் கொடி காட்டினால்தான் அவருக்குத் தெரியும். சட்டமும் சும்மா விடாது. அனுமதி இன்றி ரெயில்வே இடத்தில் நுழைந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 147-வது பிரிவு. சுற்றியுள்ள காப்புக்காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதியும் வேண்டும்.

அந்தக் காட்டின் சொந்தக்காரர்கள் யானைகள். கல்லாறு, ஹில்குரோவ் பகுதிகள் அவை தலைமுறை தலைமுறையாக நடக்கும் வழி. ஹில்குரோவ் அருகே பாதை ஓரம் கட்டிய சுவர், யானைகளைக் குட்டியோடு தடுத்து நிறுத்திவிட்டது. தவிக்கும் யானைகளின் படம் வெளியே வந்ததும் பெரிய எதிர்ப்புக் கிளம்பிற்று. சுவரை இடித்து வழி விட்டார்கள். மலை ரெயில் பாதையில் எடுத்த எத்தனையோ ஆயிரம் படங்களில், கையோடு பலன் கொடுத்த படம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். அதில் ரெயிலே இல்லை!

ஆபத்து இல்லாமல் எடுக்க இடங்கள் உண்டு. ரண்ணிமேடு, காட்டேரிப் பக்கம் சாலையும் பாதையும் நெருங்கி வருகின்றன. மற்ற இடங்களில், பள்ளத்தாக்கின் இந்தப் பக்கத்துச் சாலையில் இருந்து அந்தப் பக்கத்து வண்டியைத் தூரத்துக் கண்ணாடியால் இழுத்துக்கொள்ளலாம். நிலையங்களில் இஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும் நேரம் எல்லோருக்கும் பொது. ஹில்குரோவில் பயணிகள் எல்லோரும் இறங்கி இஞ்சினை மொய்த்துக்கொள்வார்கள். கையில் இருக்கும் பட்சணத்தைக் குரங்கு பறிக்காமல் பார்த்துக்கொள்வதும் அந்தப் பத்து நிமிஷத்து வேலைகளில் ஒன்று.

கொடி பிடித்த கை

நெய்வேலிச் சுரங்கத்தின் ராட்சத வெட்டு இயந்திரத்தைத் தொலைவில் இருந்து எடுத்த படங்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். இயந்திரத்தை மட்டும் எடுத்தால், அது மேசைமேல் வைத்த பொம்மை போலத்தான் இருக்கும். அதன் காலடியில் ஒரு தொழிலாளி நிற்கும் படத்தைப் பார்த்த பிறகே "அம்மாடி!" என்று வாய் பிளக்கிறோம்.

மலை ரெயிலுக்கும் இது பொருந்தும். பெட்டிக்கு ஒருவராகப் பிரேக்ஸ்மேன்கள் வெளி மேடையில் நின்றுகொண்டே போகிறார்கள். வெயிலும் மழையும் பனியும் முகத்தில் அடிக்கும். டிரைவரின் விசிலுக்கு ஏற்பக் கைப்பிரேக்கைத் திருகுவதும் தளர்த்துவதும் அவர்கள் பொறுப்பு. வண்டிக்குள் இருக்கும் அத்தனை பேருடைய உயிரும் அந்தக் கைகளில் கொஞ்சம் இருக்கிறது. படக்காரர்கள் இஞ்சின் வரட்டும் என்று காத்திருந்து, முன்னால் வந்த இவரை விட்டுவிடுகிறார்கள். ஏறும் வண்டியின் முகம் இஞ்சின் அல்ல. கொடி பிடித்த இந்த மனிதர்தான். அவரை முன்னால் வைத்து, வளைவில் அவருக்குப் பின்னால் வெள்ளை நீராவி எழும்பும்படி எடுத்த படங்கள் அபூர்வமாகவே கிடைக்கின்றன. கிடைத்தவை மற்ற படங்களைத் தூக்கி அடிக்கின்றன.

இரும்புப் பாதை ஆட்களும் அப்படித்தான். மழைக்காலத்தில் மண் சரிந்து, பாறை உருண்டு பாதையில் விழும். 2009-ம் ஆண்டு நவம்பரில் நீலகிரியில் பெரும் மண்சரிவுகள் ஏற்பட்டுப் பலர் உயிரிழந்தபோது மலை ரெயில் பாதையும் துண்டிக்கப்பட்டது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கடப்பாறையும் கையுமாகப் போய்ப் பாதையைத் திறக்கிறவர்கள் இல்லாவிட்டால் படம் எடுக்க வண்டியே இருக்காது.

போகிறவர்களுக்கு

மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு வழக்கமான வண்டி நாளுக்கு ஒன்றுதான். காலை 7 மணிக்குச் சற்றுப் பின் புறப்பட்டு, சுமார் 5 மணி நேரத்தில் ஊட்டி சேரும். மாலையில் இறங்க மூன்றரை மணி நேரம். சீசனிலும் விடுமுறையிலும் சிறப்பு வண்டிகள் விடுவது உண்டு. நீராவி இஞ்சின் வழக்கமாகக் குன்னூரோடு நின்றுவிடும். அங்கிருந்து ஊட்டிக்கு டீசல் இஞ்சின் இழுக்கிறது. ஊட்டியில் போய் இறங்கி, நீராவி இஞ்சின் எங்கே என்று தேடுகிறவர்களைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கும்.

வடக்குத்தில் இருந்து போகிறவர்கள் விருத்தாசலம் வழியாகச் சேலம் போய், சென்னையில் இருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரசை நள்ளிரவுக்குப் பின் பிடிக்கலாம். விடியும்போது மேட்டுப்பாளையத்தில் இறங்கினால், எதிர்ப் பிளாட்பாரத்தில் மலை ரெயில் காத்திருக்கும். மலை ரெயிலுக்கு முன்பதிவு முக்கியம். கிறிஸ்துமஸ், பொங்கல் நாட்களுக்கு வெகு முன்னதாகவே இடம் தீர்ந்துவிடும். மழை பலமாக இருந்தால் வண்டி ரத்தாவதும் உண்டு என்பதால், கிளம்புமுன் விசாரித்துக்கொள்வது நல்லது. ஜன்னல் ஓரம் கிடைத்தால், ஏறும்போது பெரும்பாலான தூரம் பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் என்று ஸ்டேஷனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கம்பளிச் சட்டையோடு, காமிராவின் கண்ணாடியைத் துடைக்க மெல்லிய துணி ஒன்றும் எடுத்துக்கொள்ளவேண்டும். குன்னூரை நெருங்கும்போது மஞ்சு கண்ணாடியில் படியும்.